பெர்லிங்டன் மேயர் பெர்னி: கேள்வி பதில்

பெர்னி சாண்டர்ஸ் 1981 முதல் 1989 வரை வெர்மான்ட் மாநிலத்துப் பெர்லிங்டனில் மேயர். அந்த எட்டு வருடத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். இன்றைய செனட்டரை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய மேயரை எடை போடாதீர்கள்.

நிஜமாகவே 10 ஓட்டில்தான் ஜெயித்தாரா?
ஆமாம், மறு எண்ணிக்கைக்குப் பிறகு 10. பத்து வருடம் மேயராக இருந்த கார்டன் பக்கெட், சொத்து வரியை ஏற்றுவேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார். போலீஸ் சங்கம் சுயேச்சையான பெர்னி பக்கம் சாய்ந்தது.

ஜெயித்த பிறகு?
13 பேர் கொண்ட நகர மன்றத்தில் அவருக்கு இரண்டே ஆதரவாளர்கள். அவர் நியமித்த அதிகாரிகளை மன்றம் ஏற்கவில்லை. அவருடைய செயலாளரைக்கூட வேலையை விட்டு அனுப்பியது. முதல் வருடம் பழைய மேயரின் ஆட்களை வைத்தே ஓட்டினார். 1982 வார்டு தேர்தலில் மன்றத்தில் ஆதரவாளர்கள் கூடிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

கம்யூனிஸ்டா?
இல்லை. சோசலிஸ்ட் என்று தானே சொல்லிக்கொண்டார்.

ஏரிக்கரையைக் காப்பாற்றியவர் அவர்தானே?
பாதி உண்மை. சாம்ப்ளேன் ஏரிக்கரை அப்போது ரயில் தண்டவாளமும் எண்ணெய்த் தொட்டிகளுமாகக் கிடந்தது. அங்கே அடுக்குமாடி வருவதை எதிர்த்து, ‘பெர்லிங்டன் விற்பனைக்கு இல்லை’ என்றார். சரி. ஆனால் 1985-ல் ஹோட்டல், வீடுகளோடு வந்த ஆல்டன் என்ற தனியார் நிறுவனத்தின் திட்டத்தை ஆதரித்தவரும் அவரே! அதற்காக நகரம் கடன் பத்திரம் வெளியிடலாமா என்ற வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியால் அது விழுந்தது.

(மேலே கேட்டவரே) ஹோட்டல் வந்தாலும் நகரத்துக்கு வருமானம்தானே? அவரைக் குறை சொல்கிறீர்கள்.
குறை இல்லை, கணக்கு. காசு இல்லாத நகரம் தனியாரோடு பேரம் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் அன்று தோற்றதால்தான் கரை திறந்தவெளியாக மிஞ்சியது. ஏரியைத் தூர்த்து ரயில்வே எடுத்த நிலம் பொதுப் பயனுக்கே என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது 1989-ல். அந்த வழக்கில் நகரமும் ஒரு தரப்பு. அந்தப் பெருமையை அவருக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

1988-ல் சோவியத் போனாரே, அப்போ கம்யூனிஸ்ட்தானே?
அங்கிருந்த யாரோஸ்லாவ்ல் நகரத்தைப் பெர்லிங்டனின் சகோதர நகரமாக்கப் போனார். மூன்று கேள்விக்கு மேலே பாருங்கள்.

ஏழைகளுக்கு வீடு?
1984-ல் நகரப் பணம் 2 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கிய நில அறக்கட்டளை. வீடு உங்களுடையது, நிலம் அறக்கட்டளையுடையது. விற்கும்போது லாபத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு. அடுத்தவருக்கும் விலை கட்டுபடியாகும்.

கம்யூனிஸ்ட் இல்லையென்றால் எதற்கு...
அடுத்த கேள்வி.

மேயர் பதவியிலிருந்து நேராக வாஷிங்டனா?
இல்லை. 1986-ல் ஆளுநர் தேர்தலில் மூன்றாம் இடம், 1988-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தோல்வி, 1990-ல்தான் வெற்றி.