பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பது என்பதைத் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு எது தீர்மானிக்கிறது?

மதிப்பெண் என்றுதான் பலரும் சொல்வார்கள். என் பார்வையில், பாதி முடிவு பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. வணிகவியல் பிரிவில் சேர்ந்தவருக்கு மருத்துவம் அப்போதே கைநழுவிவிடுகிறது. அந்தப் பிரிவைக்கூடப் பல நேரம் மாணவர் விரும்பி எடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதும்தான் முடிவு செய்கின்றன.

அடுத்தது பணம். கல்லூரிக் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. விடுதிச் செலவு, பஸ் செலவு, வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய கூலி எல்லாம் சேரும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல். தொகை சிறியதுதான், ஆனால் வீட்டில் நடக்கும் வாதத்தில் அது மாணவர் பக்கம் நிற்கிறது. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இன்னும் பெரிய மாற்றம். நீட் தேர்வு எழுதியாக வேண்டும் என்றாலும், நமக்கும் இடம் கிடைக்கும் என்ற எண்ணம் வந்தது.

பெண்களுக்குத் தூரமும் திருமணப் பேச்சும் தனித் தடைகள். மகனை விடுதியில் சேர்க்கும் அதே அப்பா, மகளுக்கு உள்ளூர்க் கலைக் கல்லூரி போதும் என்பார். பட்டம் பட்டம்தானே என்று சமாதானம் வேறு!