1999ஆம் ஆண்டு போகிமொன் கார்ட், 60,000 ரூபாய்: கொடுக்கலாமா?

கேள்வி: பேஸ்புக் குழுவொன்றில் ஒருவர் போகிமொன் விளையாட்டுக் கார்டுகளில் சாரிசார்ட் என்ற பாத்திரத்தின் கார்ட் ஒன்றை 60,000 ரூபாய்க்கு விற்கப் போட்டிருக்கிறார். 1999இல் வந்த பழைய கார்ட் என்கிறார். ஈபேயில் அதே கார்ட் 400 டொலருக்குக் கிடப்பதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பி, “நான் பாதி விலைக்குத்தான் தாறன்” என்கிறார். கார்டின் படங்களை இணைத்திருக்கிறேன். விலை நியாயமா? (கல்லடி வாசகர்)

பதில்: தம்பி, காசை அனுப்பிவிடாதீர்கள். முதலில் நீங்கள் அனுப்பிய முன்பக்கப் படத்தின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 11/108 என்று ஒரு இலக்கமும், பொடி எழுத்தில் 2016 என்று ஆண்டும் இருக்கிறது. 1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுப்பில் சாரிசார்டின் இலக்கம் 4/102. உங்களுக்குக் காட்டியிருப்பது 2016இல் எவலூஷன்ஸ் என்ற பெயரில் பழைய கார்டுகளின் சாயலிலேயே அச்சடித்த தொகுப்பில் வந்தது. போலி என்று சொல்லவில்லை, போகிமொன் கம்பனி வெளியிட்ட கார்ட்தான், ஆனால் இரண்டின் விலைக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். விற்கிறவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று நாம் ஆராயத் தேவையில்லை. இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள், பதிலில் ஆளைத் தெரிந்துவிடும்.

நிஜமான 1999 கார்ட் என்றாலும் அதற்குள்ளேயே வகை இருக்கிறது. கார்டில் உள்ள சித்திரத்தின் கீழே இடப்பக்கம் முதற்பதிப்பு முத்திரை இருப்பது ஒரு விலை, முத்திரை இல்லாமல் படச்சட்டத்தின் வலது ஓரத்தில் நிழலும் விழாதது இன்னொரு விலை, நிழல் விழுந்த சாதாரணப் பதிப்பு இவை இரண்டையும் விடக் குறைவு. “சாரிசார்ட் என்ன விலை?” என்று பொதுவாகக் கேட்டால் ஒருவராலும் பதில் சொல்ல ஏலாது.

இனி அந்த 400 டொலர். அது ஒருவர் கேட்கிற விலை. காணிக்குச் சொல்கிற விலையும் உறுதி முடிக்கிற விலையும் ஒன்றா? ஈபேயில் எவரும் எந்த விலையும் போடலாம், ஆண்டுக்கணக்கில் விற்காமலும் கிடக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது விற்று முடிந்தவற்றை. தேடும்போது பெயரோடு 11/108 என்ற இலக்கத்தையும் போட்டு, வடிகட்டியில் ‘விற்கப்பட்டவை’ என்பதைத் தெரிவுசெய்தால் கடந்த 90 நாட்களில் போனவை வரும். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. விலைமேல் கோடு கிழித்து ‘பேரம் ஏற்கப்பட்டது’ என்று இருந்தால் அதைவிடக் குறைவான தொகைக்குத்தான் போயிருக்கிறது. கார்டின் நிலையைப் பார்த்துத் தரமிடும் நிறுவனங்கள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த கார்டுகளும் அதே பட்டியலில் கலந்து கிடக்கும், அவற்றின் விலையை உங்கள் வெறும் கார்டுக்குப் போடாதீர்கள். ஆக உயர்ந்ததையும் ஆகக் குறைந்ததையும் விட்டுவிட்டு நடுவில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை எடுங்கள். அமெரிக்காவின் டிசிஜிபிளேயர், ஐரோப்பாவின் கார்ட்மார்க்கெட் என்ற கார்ட் விற்பனைத் தளங்கள் இரண்டிலும் அதே கார்டைப் பார்த்தால் கணக்கு இன்னும் உறுதிப்படும்.

அப்புறம் கார்ட் இருக்கிற நிலை. நேரில் வாங்குவதானால் கார்டைச் சரித்துப் பிடித்து போன் டோர்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத கீறல்கள் மினுங்கும் பகுதியில் நூல் நூலாகத் தெரியும். பின்பக்க நீல ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகள், மூலை மழுங்கல், எங்கேயாவது மடிந்த கோடு, எல்லாம் பாருங்கள். மடிந்த கோடு ஒன்று இருந்தாலே விலை பாதிக்குக் கீழே போய்விடலாம். எங்கள் மட்டக்களப்புக்கென்று இன்னொரு தொல்லை ஈரம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, மார்கழி மழை வேறு. அட்டை ஈரத்தைக் குடிக்கும், மினுங்கும் படலம் குடிக்காது, அதனால் கார்ட் வில்லாக வளைந்துவிடும். இலேசான வளைவுக்குப் பயப்படத் தேவையில்லை. கறையோ பூஞ்சணமோ இருந்தால் தொடவே வேண்டாம். (லெமினேட் பண்ணி வைத்த கார்டை “பாதுகாப்பாக வச்சிருக்கன்” என்று விற்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். லெமினேட் பண்ணினால் கார்ட் போயிற்று.)

சரி, மட்டக்களப்பில் நின்று விலையை எப்படிக் கட்டுவது? எனக்கு இரண்டு எல்லைகள் போதும். மேல் எல்லை, அதே கார்டை வெளிநாட்டிலிருந்து நீங்களே எடுப்பித்தால் கைக்கு வந்து சேரும்வரை முடிகிற முழுச் செலவு: விற்றுப்போகிற விலை, அனுப்பும் செலவு, சுங்கத்தில் பிடித்தால் தீர்வையும் 18 சதவீத வற் வரியும். அதனால் உள்ளூரில் ஒருவர் வெளிநாட்டு விலையைவிடச் சற்றுக் கூட்டிக் கேட்டாலும் அநியாயம் என்று சொல்லமாட்டேன். கீழ் எல்லை, நாளைக்கு அவசரமாக விற்க நேர்ந்தால் உங்கள் கைக்கு வருவது. இங்கே வாங்குகிற ஆட்கள் குறைவு, கொழும்புப் பக்கம்தான் தேட வேண்டிவரும், வியாபாரத்துக்காக வாங்குகிறவர் தன் இலாபத்தையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார், ஆகவே அது சந்தை விலையின் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றாலே நல்லது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் நியாயமான விலைதான். உங்கள் 60,000 மேல் எல்லையைத் தாண்டுகிறதா என்று இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

“பிஎஸ்ஏ 10 கிடைக்கும் கார்ட்” என்ற பேச்சுக்கும் காசு கொடுக்காதீர்கள். (பிஎஸ்ஏ என்பது கார்டுகளுக்குத் தரமிடும் அமெரிக்க நிறுவனம், 10 அதன் ஆக உயர்ந்த தரம்.) கிடைத்தபின் பார்க்கலாம். ஏற்கெனவே பெட்டியில் அடைத்ததாக இருந்தால் அதிலுள்ள சான்றிலக்கத்தை பிஎஸ்ஏ தளத்தில் போட்டு, அங்கே வருகிற விபரமும் கையில் இருக்கிற கார்டும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகன் விளையாட்டுச் சாமான் கடையில் தங்க நிறப் போகிமொன் கார்ட் பெட்டி ஒன்று வாங்கினான். இவை இலட்சக்கணக்கில் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்களாம். உண்மையா? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: இல்லை அக்கா. தங்க நிறத்தில் பெட்டியோடு மலிவாக விற்கிறவை கம்பனி வெளியிட்டவை அல்ல, அவற்றுக்கு மறுவிற்பனை விலையே கிடையாது. கம்பனியும் உலோகக் கார்ட் விட்டிருக்கிறது, 2021இன் செலிப்ரேஷன்ஸ் தொகுப்பின் பெரிய பெட்டியில் சாரிசார்டும் பிகாச்சுவும் வந்தன, ஆனால் அவை விளையாட்டுச் சாமான் கடையில் பெட்டி பெட்டியாகத் தொங்குவதில்லை. மகன் விளையாடட்டும், அழகாகத்தான் இருக்கின்றன. கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் காசுக்கு விற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு பெற்றோருக்கு இடையில் வீண் கதை வரும்.

கேள்வி: முற்பணம் வங்கியில் போட்டேன், வந்த கார்ட் போலி. முறையிடலாமா? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: விற்றவர் கடை நடத்துகிறவர் அல்லது தொழிலாகவே விற்கிறவர் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தன்னிடம் இருந்த ஒன்றைத் தனிப்பட விற்றவர் என்றால் அந்த வழி கடினம், பொலிஸில்தான் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் அவர் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வாட்ஸ்அப் பேச்சு, வங்கிச் சிட்டை மூன்றும் கேட்பார்கள். விளம்பரத்தை அவர் அழிக்க முன்னம் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.