பலகையை எடுத்துப் போ

அன்புள்ள அண்ணன்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 27. ஐந்து வருடமாக வலுதூக்குதல் பழகுகிறேன். எனக்கென்று ஓர் ஆதர்சம் இருக்கிறார். தேசியப் போட்டிகளில் தூக்குபவர். அவர் போட்ட ஒவ்வொரு வீடியோவையும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அடுத்த மாதம் ஒரு நாள் முழுக்க அவரோடு தனியாகப் பயிற்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 15,000 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாமே என்று அம்மா திட்டுகிறார்.

இப்போது என் டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் ராடை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிமிர்வது, 160 கிலோ. அவர் முன்னால் 180 தூக்கிக் காட்டவேண்டும் என்று மூன்று மாதமாக உழைக்கிறேன். நடுவில் இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் கேட்க 31 கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன், எந்த புரோட்டீன் பவுடர் என்பது உட்பட. உண்மையில் என்ன கேட்கவேண்டும்? சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா? நேரில் பழகினால் அவர்மேல் உள்ள பிரமிப்பு போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. நீங்கள் இளம் வயதில் பளு தூக்கியவர் என்று படித்தேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வழக்கமாகத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். இந்த முறை முடியவில்லை. மழை தொடங்கியதிலிருந்து எனக்கு இடுப்பு வலி. 1987-ல் வந்த வலி, வருடம் தவறாமல் இந்த மாதங்களில் திரும்ப வரும். படுத்திருக்கும்போதெல்லாம் ஒரு மனிதருடைய ஷூவை நினைத்துக்கொள்வேன். இரண்டு வாரமாக அந்த நினைப்பிலேயே கிடந்தபோது உன் கடிதம் வந்தது. "இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது, யாரிடமும் சொல்லவில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பணம் நீ சம்பாதித்தது, செலவு செய். அம்மாவோடு சண்டை வேண்டாம், வாஷிங் மெஷினைத் தவணையில் வாங்கிக் கொடு. படம் கேள், ஆனால் கிளம்பும்போது கேள். பிரமிப்பு போனால் போகட்டும், அதற்குப் பிறகும் மிஞ்சுகிற மரியாதை போதும். பவுடரைப் பற்றிக் கேட்டு அவருடைய நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காதே.

சரி, 180-க்கு வருகிறேன்.

ஆதர்சத்தோடு தனியாகப் பழகுவது என்றாலே எனக்கு அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர்தான் நினைவுக்கு வருவார். சினிமாவுக்கு வருவதற்கு முந்தைய, உடற்கட்டுப் போட்டிகளில் நின்ற அர்னால்ட். ஆஸ்திரியாவில் தால் என்ற கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அறைச் சுவரெல்லாம் ரெக் பார்க் என்ற உடற்கட்டு வீரரின் படங்கள். பையன் இப்படி ஆண்களின் படங்களை ஒட்டி வைத்திருக்கிறானே என்று அவருடைய அம்மா பயந்துபோய் ஊர் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அர்னால்டே சொன்னது. உன் அம்மா வாஷிங் மெஷினோடு நிறுத்திக்கொண்டார்.

ரெக் பார்க் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர். 1951, 1958, 1965 என்று மூன்று முறை உடற்கட்டுப் போட்டியில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனவர். சினிமாவில் ஹெர்குலிஸாக நடித்தவர். பிற்பாடு தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபோய் ஜோகன்னஸ்பர்க்கில் ஜிம் நடத்தினார். அர்னால்ட் 1967-ல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஜெயித்தபோது அவருக்கு வயது 20. அந்த வெற்றிக்குப் பிறகு பார்க் அவரைத் தன் ஊருக்குக் கூப்பிட்டு, வீட்டிலேயே தங்கவைத்து, அதிகாலையில் எழுப்பிக்கொண்டு போய்த் தன்னோடு பயிற்சி செய்ய வைத்தார்.

அங்கே அர்னால்ட் பார்த்தது ஒரு கெண்டைக்கால் பயிற்சி. பார்க் ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ எடையைச் சுமந்துகொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார். அர்னால்ட் அதுவரை அதில் பாதிதான் போட்டுவந்தார். அவருடைய மார்பும் கையும் உலகத்துக்கே தெரியும், கெண்டைக்கால் மட்டும் மெலிவு. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆரம்ப காலப் படங்கள் பலவற்றில் கெண்டைக்கால் மறைகிற அளவுக்குத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். மறைக்கத்தான் அப்படி நின்றேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு பயிற்சிக்குப் போடும் கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே வெட்டியெறிந்தார். ஜிம்மில் எல்லோரும் பார்க்கட்டும், பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, தினமும் முதலில் கெண்டைக்காலைத்தான் உழைக்க வைத்தார். 1970-ல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் மேடையில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். பார்க்குக்கு 42, அர்னால்டுக்கு 23. அர்னால்ட் முதலிடம், பார்க் இரண்டாமிடம். கடைசிவரை அவர்கள் நண்பர்கள்தான்.

இப்போது உன் திட்டத்தைப் பார். அவர் முன்னால் 180 தூக்கிக் காட்டப் போகிறாய். எதற்கு? அவர் அதைவிட எவ்வளவோ தூக்கியவர். நீ 180 தூக்கினால் கை தட்டுவார். வேறு என்ன செய்ய முடியும்? உச்ச எடையை ஒரு நாளில் ஒரு தடவை தூக்கலாம், மிஞ்சினால் இரண்டு தடவை. அதற்குப் பிறகு அன்றைக்கு உன் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. 100 கிலோ போட்டுக்கொண்டு நின்றால் முப்பது தடவை தூக்கலாம். முப்பது தடவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ராடு முழங்காலைத் தாண்டும் இடத்தில் உன் முதுகு வளைகிறதா, இடுப்பு முன்னாலேயே எழும்பிவிடுகிறதா, ராடு காலை விட்டு விலகிப் போகிறதா என்று பார்த்து நிறுத்தச் சொல்லலாம், கையால் தொட்டுத் திருத்தலாம். அவருடைய முப்பது திருத்தங்களை விட்டுவிட்டு ஒரு கைதட்டலை வாங்கிக்கொள்ளப் போகிறாய். 15,000 ரூபாய்க்கு அம்மா திட்டுகிறார் என்கிறாய். நான் இதற்குத் திட்டுகிறேன்.

ஐந்து வருடமாக நீ அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அவர் உன்னைப் பார்க்கப் போவது அந்த ஒரு நாள்தான். ஏகலைவன் மண்ணால் துரோணரைச் செய்து வைத்துக்கொண்டு வில் பழகினான். அவனைச் சொல்லித்தான் நம் பள்ளிக்கூடங்களில் பக்தியைப் பாடமாக நடத்துகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் உறுத்துவது, அந்தப் பொம்மை ஒரு தடவைகூட "முழங்கையை இறக்குடா" என்று சொல்லியிருக்காது என்பதுதான். அத்தனையையும் அவன் தனியாகத் தப்பு செய்து, தனியாகக் கண்டுபிடித்திருக்கவேண்டும். உன்னுடைய வீடியோக்களும் அந்த மண் பொம்மைதான். இப்போது உயிருள்ள ஆசிரியர் கிடைத்திருக்கிறார். அவர் எதிரில் நின்றுகொண்டு, திருத்தவேண்டிய இடத்தை மூடி வைக்கப் பார்க்கிறாய்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் இடுப்பு.

1987-ல் எனக்கு 20 வயது. எங்கள் ஊர் தேகப்பயிற்சிக் கூடம் ஒரு தகரக் கொட்டகை. பட்டறையில் கடைந்த இரும்புக் கம்பிதான் ராடு, டின்னில் சிமெண்ட் ஊற்றி வார்த்ததுதான் பிளேட். வேலூர்ப் பக்கம் ஒருவர் இருந்தார், ரயில்வே வேலை, தேசியப் பதக்கம் வாங்கியவர். பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை வெட்டி என் டிரங்குப் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தேன். போஸ்ட் கார்டில் எழுதிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா என்று ஒரே வரியில் பதில் வந்தது.

எனக்கு ஒரு குறை இருந்தது. கணுக்கால் மடங்காது. முழுக்க உட்கார்ந்தால் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும். அதனால் ஊரில் ஒரு மரப்பலகையைக் குதிகாலுக்கு அடியில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்து எழுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பலகையை எடுத்துப் போகவில்லை. அவர் முன்னால் பலகை போட்டுக்கொண்டு நிற்பதா என்ற வெட்கம்.

அவர் ராடைக் கையில் கொடுத்தார். முனைகள் தனியாகச் சுழலும் ராடை அன்றைக்குத்தான் முதல் தடவை தொட்டேன். எங்கள் ஊர்க் கம்பி சுழலாது, தூக்கித் தோளில் வாங்கும்போது மணிக்கட்டை முறுக்கிவிடும். இது வெண்ணெய் மாதிரி திரும்பியது. "இன்னாப்பா, உடம்புல எதுனா கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றேன். 60 போட்டார், தூக்கினேன். 70 தூக்கினேன். அவர் போதும் என்றார். நான் தலையாட்டிவிட்டு, அவர் டீ சொல்ல வெளியே போன நேரத்தில் பிளேட்டை ஏற்றினேன். திரும்பி உள்ளே நுழையும்போது 90 என் தோளில் இருக்கவேண்டும், அவர் அதைப் பார்க்கவேண்டும். ராடு தோளுக்கு வந்தது, நான் கீழே உட்கார்ந்தேன், குதிகால் எழும்பியது, முதுகு முன்னால் சரிந்தது. இடுப்பில் ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. ராடைக் கீழே போட்டுவிட்டேன். நிமிர முடியவில்லை.

அந்த ஒரே நாளில் மிச்சமிருந்த நேரம் முழுக்க அவர் வீட்டுப் பாயில் படுத்துக் கிடந்தேன். அவருடைய மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாயில் தலையைத் திருப்பினால் கண்ணுக்கு நேராகச் சுவரோரம் அவருடைய பளுதூக்கும் ஷூ. தரையில் கிடந்ததால்தான் அதன் குதிகாலைப் பார்த்தேன். கட்டை. தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே, இரண்டு விரல் உயரத்துக்குச் சாய்வாகச் சீவிய மரக்கட்டை.

"மாஸ்டர், இது எதுக்கு?" என்றேன்.

"எனக்குக் கணுக்கால் மடங்காதுப்பா. கட்டை இல்லன்னா என்னால உக்கார முடியாது" என்றார்.

எஸ், அந்த மனிதரிடம் நான் மறைத்தது அவருக்கும் இருந்த குறையை. அதற்கான மருந்தை அவர் காலில் மாட்டிக்கொண்டு என் எதிரிலேயே நின்றிருந்தார். எனக்குக் கணுக்கால் மடங்காது மாஸ்டர் என்று இரண்டு நொடியில் சொல்லியிருந்தால் இந்த மழைக்காலங்கள் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதனால் கோபமாகவே சொல்கிறேன், இந்த வாரமே டெட்லிஃப்டை நிறுத்து. முதுகு மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டு. வலி பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ தள்ளிப்போடாதே. சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று எவன் சொன்னாலும் கேட்காதே. அவரிடம் போனதும் பையைக் கீழே வைக்கும் முன்னால் இடுப்புப் பிடிப்பைச் சொல். உன் 160 கிலோ வீடியோ இருந்தால் நன்றாக வந்ததைக் காட்டாதே, கோணலாக வந்ததைக் காட்டு. அன்றைக்கு வெறும் ராடோடு நிறுத்திவிட்டாரென்றால் வெறும் ராடோடு திரும்பி வா. நடுவில் அவர் பயிற்சி செய்தால் பிளேட் மாட்டிக் கழற்று, சப்போர்ட்டுக்கு நில். என்ன கேட்பது என்று கேட்டிருந்தாய். அங்கே நின்றால் கேள்வி தானாக வரும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து நான் மறுபடி வேலூருக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். பலகையை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் மடிமேல் வைத்திருந்தேன். அவர் பையிலிருந்து அதை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் என் குதிகால் அழுந்திப் பள்ளமாகியிருந்ததை விரலால் தடவினார். அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனைச் செருப்புத் தைப்பவரிடம் போனார். பலகையிலேயே இரண்டு துண்டு அறுத்து, சாய்வாகச் சீவி, என் கேன்வாஸ் ஷூவுக்கு அடியில் ஆணி வைத்து அடித்துத் தரச் சொன்னார். மரம் சீவி முடியும்வரை இருவரும் செருப்புத் தைப்பவர் விரித்திருந்த கோணியில் உட்கார்ந்திருந்தோம். அன்று மாலைவரை 40 கிலோவுக்கு மேல் அவர் ஏற்றவே விடவில்லை.