நிதி தருபவருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் நடுவே நம்பிக்கை வளர என்ன செய்ய வேண்டும்?

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் பணம் தருகிற பக்கம் என்று நினைக்கிறேன். நான் வாங்குகிற பக்கம். குடியாத்தத்தில் ஒரு சின்ன டிரஸ்டில் கணக்கும் களப்பணியும் சேர்த்துப் பார்க்கிறேன். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடத்துகிறோம்.

ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டப்படி தருகிற பணம், வந்தது. மையத்துக்கு நாற்பது பிள்ளைகள் என்று ஒப்பந்தம். கொஞ்ச நாளில் பாதிப் பேர் வரவில்லை. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எண்ணிக்கை முடிய வேண்டுமென்றால் பிள்ளைகளும் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதினோம். அடுத்த தவணை நின்றது. "உங்க மேனேஜ்மென்ட் சரியில்லை மேடம்" என்று என் மகன் வயசுத் தம்பி ஒருவர் போனில் பாடம் நடத்தினார். நாற்பதுக்கு நாற்பது என்று எழுதி போட்டோவும் வைத்த இன்னொரு அமைப்புக்குத் தடங்கலில்லாமல் போனது. அவர்களை நான் திட்ட மாட்டேன். அங்கேயும் சம்பளத்துக்குக் காத்திருக்கும் டீச்சர்கள் உண்டு.

அப்புறம் கைகொடுத்தவர் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழில் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர். பேனர் வேண்டாம் என்றார். தாய்மார்களிடம் பேசிவிட்டு, "ஏழு மணிக்கு வச்சா வருவாங்களாம்மா?" என்று கேட்டார். வைத்தோம், வந்தார்கள். டீச்சர் சம்பளம், வாடகை இரண்டையும் ஏற்றார். இது முக்கியம். ஏனென்று ஒரு பழைய கதையோடு சொல்கிறேன். 1902-ல் வேலூரில் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் திறந்த ஆஸ்பத்திரி, அமெரிக்காவில் ஒருவர் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது. அந்த மனைவியின் பெயரால் இன்றும் அதை ஷெல் ஆஸ்பத்திரி என்கிறோம். கட்டடத்துக்குப் பெயர் வைக்கலாம், டீச்சர் சம்பளத்துக்கு வைக்க முடியாதே. அதனால்தான் அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

'அப்படியென்றால் கணக்கே கேட்கக் கூடாதா' என்று சண்டைக்கு வராதீர்கள். என்ஜிஓ பெயரில் திருடுபவர்கள் இருக்கிறார்கள், தெரியும். வருமான வரித் துறைப் பதிவுச் சான்றுகள் (12ஏ, 80ஜி என்பார்கள்), தணிக்கை அறிக்கை எல்லாம் கேளுங்கள். அந்தப் பெரியவரும் ஒரு டீ பில்லைக்கூட விட மாட்டார். ஆனால் சரியில்லாத செய்தி சொன்னதற்காக ஒருநாளும் பணத்தை நிறுத்தியதில்லை. கெட்ட செய்தி சொன்னதற்காகப் பணம் நிற்காது என்று நீங்களும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் சட்டம் வந்துவிட்டது, அது உங்கள் கையில் இல்லை. மார்ச் வந்தால் "முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணிடுங்க" என்று விரட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. பல ஆண்டுத் திட்டமாக எடுத்தால், மிச்சத்தை ஏப்ரல் முடிவதற்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்க சிஎஸ்ஆர் சட்டமே இடம் தருகிறது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்ததில் எங்கள் ஆம்பூர் மையம் திருப்பத்தூருக்குப் போய்விட்டது. விண்ணப்பத்தில் இரண்டு மாவட்டம் எழுதினால் "நீங்க வேலூர் டிரஸ்ட் தானே?" என்று இன்றைக்கும் திருப்பி அனுப்புகிறார்கள். மேப்பைத் திறந்து பார்க்க என்ன கஷ்டமோ!