முப்பது வருடத்துக்கு மேல் ஒரே நாற்காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் லண்டன் பக்கம் வேலையில் இருக்கிறான். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போய் சில மாதம் அங்கே தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் மகனும் மருமகளும் பிபிசியில் ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். நானும் கூட உட்காருவேன். யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று மகன் சொன்ன பிறகுதான் பாதிக்குச் சிரிக்க முடிந்தது. அதுகூடப் பரவாயில்லை. விநாடி வினா என்கிறார்கள், மதிப்பெண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை, பரிசும் கிடையாது. 1990லிருந்து அதே இரண்டு பேர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களாம். ஒரு கலைஞனுக்கு இது வளர்ச்சியா, தேக்கமா? “நம்ம தமிழ்க் காமெடியன் ரொமேஷ் ரங்கநாதனே இந்த மாதிரி நிகழ்ச்சியில தலைகாட்டித்தான் பெரிய ஆளானார்” என்கிறான் மகன். அப்படியானால் வந்து போன மற்றவர்கள் எல்லாம் ஏன் ஆகவில்லை? நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

மதிப்பெண் சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். அந்த இரண்டு பேரும் எதிரெதிர் அணிகளின் தலைவர்கள். ஒருவர் இயன் ஹிஸ்லப். 1986லிருந்து ‘பிரைவேட் ஐ’ என்ற நையாண்டிப் பத்திரிகையின் ஆசிரியர். நாட்டில் வரும் செய்தித்தாள்களை எல்லாம் கரைத்துக் குடிப்பதுதான் அவருடைய பிழைப்பு. எதிர் மேசையில் பால் மெர்டன். செய்தியைப் பற்றிக் கேட்டால் நேராகப் பதில் சொல்லாமல் எங்கேயோ கிளம்பிப் போய்விடுவார். இத்தனை வருடத்தில் அதிகமுறை ஜெயித்தது யார் என்று பார்த்தால், மெர்டன் அணி! இது யாரையும் உறுத்தவில்லை என்பதிலிருந்தே மதிப்பெண்ணுக்கு அங்கே என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ளலாம். ஏதோ ஒரு தொழிலுக்காக வரும், யாரும் கேள்விப்பட்டிராத பத்திரிகையிலிருந்து ஒரு தலைப்பை எடுத்து, நடுவில் ஒரு வார்த்தையை மறைத்துவிட்டு என்ன என்று கேட்பார்கள். சரியான பதிலைச் சொன்னால் அதோடு முடிந்தது. தப்பான பதில்தான் அங்கே சரக்கு.

இன்னொன்று, நீங்கள் பார்த்த அரை மணி நேரம் வெட்டி ஒட்டியது. வியாழக்கிழமை சாயங்காலம் பார்வையாளர்களை வைத்துக்கொண்டு நீளமாகப் பதிவு செய்து, வழக்கறிஞர்கள் பார்த்து, சுருக்கி, வெள்ளிக்கிழமை ஒளிபரப்புகிறார்கள். ஸ்டாண்ட்-அப் செய்பவருக்கு மேடை முழுக்க அவருடையது. ஒரு மணி நேரம் மைக்கை யாரும் பிடுங்கமாட்டார்கள். இந்த மேசையிலோ இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சரியான இடத்தில் ஏழு வார்த்தை சொல்ல வேண்டும். மேடையில் சக்கைபோடு போட்ட பல காமெடியன்கள் இங்கே வந்து விழி பிதுங்கியிருக்கிறார்கள். பேசாமல் இருக்கத் தெரியாததுதான் காரணம் என்பது என் கணிப்பு.

சரி, தேக்கமா என்ற உங்கள் கேள்வி. ஹிஸ்லப்புக்கும் மெர்டனுக்கும் அது தேக்கமாக ஆகாததற்குக் காரணம், இருவருமே அந்த நாற்காலியை நம்பிப் பிழைக்கவில்லை. ஹிஸ்லப்பின் முழுநேர வேலை பத்திரிகை. அதுவும் வழக்குகளுக்கு நடுவே நடத்திய பத்திரிகை. 1989ல் ஓர் அவதூறு வழக்கில் 6 லட்சம் பவுண்ட் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அது 60 ஆயிரமாகக் குறைந்தது. இப்படி ஓர் அடி வாங்கியவர் அடுத்த வருடமே தொலைக்காட்சியில் உட்கார்ந்து அமைச்சர்களைச் சீண்ட ஆரம்பிக்கிறார். எந்த வாக்கியம் நீதிமன்றம் வரை போகும், எது போகாது என்பது அவருக்கு அனுபவத்தில் வந்த ஞானம். ஒரு நிகழ்ச்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒருமுறை அப்பெண்டிக்ஸ் வலியோடு வந்து உட்கார்ந்து, முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மெர்டன் கதை வேறு. தெற்கு லண்டனில் டூட்டிங் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். இயற்பெயர் பால் மார்ட்டின். நடிகர் சங்கத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால், தான் வளர்ந்த மெர்டன் பகுதியின் பெயரை எடுத்துக்கொண்டார். (ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.) 1985ல் லண்டனில் காமெடி ஸ்டோர் என்ற நகைச்சுவை அரங்கில் ஒரு குழு ஆரம்பித்தது. கையில் எழுத்துப்பிரதி கிடையாது, பார்வையாளர் கத்திச் சொல்லும் வார்த்தையை வைத்து அங்கேயே நாடகம் கட்ட வேண்டும். அதைத் தொடங்கியவர்களில் மெர்டனும் ஒருவர், பின்னால் ஹாலிவுட் போன மைக் மையர்ஸும் ஒருவர். தொலைக்காட்சியில் புகழ் வந்த பிறகும் மெர்டன் அந்த மேடையை விடவில்லை. அவர் பதில்கள் எங்கெங்கோ போவதாகச் சொன்னேன் அல்லவா, அப்படிப் போகும் கால்களை வாரம் தவறாமல் வேறொரு இடத்தில் பழக்கிக்கொண்டிருந்தார். 1996ல் ஒரு சீசன் முழுக்க அணித்தலைவர் நாற்காலியை விட்டு விலகி இருந்துவிட்டுத் திரும்பவும் வந்தார். வேறு வேலை இல்லாதவருக்கு அந்தத் துணிச்சல் வராது.

ஆனால் என் வாதத்துக்கு இடிக்கிற ஆள் ஒருவர் உண்டு, ஆங்கஸ் டீட்டன். முதல் பன்னிரண்டு வருடம் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர். அவருக்கும் வெளியே வேலை இருந்தது, ‘ஒன் ஃபுட் இன் தி கிரேவ்’ தொடரில் பக்கத்து வீட்டுக்காரராக நடித்துப் பெயர் வாங்கியவர்தான். ஆனால் இங்கே அவர் விற்றது தன் முகத்தை: கசங்காத கோட், கசங்காத குரல், அடுத்தவன் அசிங்கத்தை அமைதியாக வாசிக்கும் தோரணை. 2002 மே மாதம் ஒரு ஞாயிறு பத்திரிகை அவருடைய அந்தரங்கத்தை முதல் பக்கத்தில் போட்டது. அடுத்த பதிவுக்கு மெர்டன் அந்த முதல் பக்கத்தை அச்சடித்த டி-ஷர்ட்டோடு வந்தார். டீட்டன் சிரித்துச் சமாளித்தார். அக்டோபரில் இன்னும் சில செய்திகள் வந்தன, பிபிசி அவரை அனுப்பிவிட்டது. அடுத்த நிகழ்ச்சியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர் மெர்டனேதான். அன்றிலிருந்து இன்றுவரை நிரந்தரத் தொகுப்பாளர் கிடையாது, வாரத்துக்கு ஒருவர். டீட்டன் 2007ல் ‘வுட் ஐ லை டு யூ?’ என்ற, இதே மாதிரி அணிகளாக மேசையில் உட்கார்ந்து பேசும் வேறொரு பேனல் நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராக வந்தார். இரண்டு சீசன். அப்புறம் அந்த இடத்துக்கு ராப் பிரைடன் வந்தார், நிகழ்ச்சி அவருடையதாகிவிட்டது.

அந்த வாடகைத் தொகுப்பாளர் ஏற்பாட்டால் உண்மையில் லாபம் அடைந்தது யார் தெரியுமா? காமெடியன் யாரும் இல்லை, போரிஸ் ஜான்சன். 1998ல் முதன்முதலாக விருந்தினராக வந்தபோது ஹிஸ்லப் அவரை நன்றாகவே மடக்கினார். ஒரு பத்திரிகையாளரை ஆள் வைத்து அடிப்பதற்காக முகவரி கேட்ட நண்பரோடு ஜான்சன் பேசிய பழைய தொலைபேசிப் பதிவை எடுத்து மேசையில் போட்டார். வேறு நாட்டில், வேறு நிகழ்ச்சியில் அதோடு ஆள் காலி. இங்கே ஜான்சன் தலையைக் கலைத்துக்கொண்டு திணறினார், கூட்டம் அவர் பக்கம் சிரித்தது. பிறகு தொகுப்பாளராகவே சிலமுறை வந்தார், அதற்காக பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரைகூடக் கிடைத்தது. 2008ல் லண்டன் மேயர், 2019ல் பிரதமர். இந்த நிகழ்ச்சிதான் அவரைப் பிரதமராக்கியது என்று சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் எழுதி வைத்ததைத் தடுமாறி வாசித்தால் மக்கள் மன்னிப்பார்கள், தடுமாறியவனை ரசிக்கவும் செய்வார்கள் என்ற பாடத்தை அவர் அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அரசியல்வாதி வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு: 1993ல் தொழிற்கட்சியின் ராய் ஹாட்டர்ஸ்லி கடைசி நேரத்தில் மூன்றாவது தடவையாக வரவில்லை என்றதும், அவர் இடத்தில் ஒரு பன்றிக்கொழுப்பு டப்பாவை வைத்து நிகழ்ச்சியை நடத்திவிட்டார்கள்.

ரொமேஷ் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது பாதி சரி. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனுக்குத் தெற்கே கிராலி என்ற ஊரில் தான் படித்த பள்ளியிலேயே கணக்கு வாத்தியாராக இருந்தவர். 2013ல் எடின்பரோ கலை விழாவில் நகைச்சுவைப் புதுமுக விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக்கியவை ‘மாக் தி வீக்’ என்ற பிபிசி பேனல் மாதிரியான நிகழ்ச்சிகள். இந்த ‘மாக் தி வீக்’ அப்பட்டமான ஏணி. ஒரே நேரத்தில் ஆறு காமெடியன்கள், நடுவில் டாரா ஓ பிரியன், ஓடிப்போய் மைக்கைப் பிடிப்பவனுக்குத்தான் வாய்ப்பு. ரஸல் ஹோவர்ட், ஃபிராங்கி பாய்ல் எல்லாம் அதில் ஏறித் தனி நிகழ்ச்சிகளுக்குப் போனவர்கள். ஏறாமல் அங்கேயே இருந்தவர் ஹியூ டென்னிஸ், 2005லிருந்து 2022ல் பிபிசியில் நிகழ்ச்சி முடியும்வரை. ஆனால் அவருக்கும் ‘அவுட்நம்பர்ட்’ என்ற குடும்பத் தொடர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ரொமேஷோ 2015ல் இலங்கைக்குப் போய், சொந்தக்காரர்கள் நடுவே தமிழ் வராமல் முழித்து ஒரு தொடர் எடுத்தார். எனக்குப் பிடித்த ரொமேஷ் அங்கேதான் இருக்கிறார். பேனலில் வருபவர் வெடுக்கென்று இரண்டு வரி சொல்லிவிட்டு முகத்தைச் சுளிப்பவர் மட்டுமே. அந்த இரண்டு வரியோடு நின்றுவிட்டவர்கள்தான் நீங்கள் கேட்கும் ‘மற்றவர்கள்’. ஊருக்கெல்லாம் முகம் தெரியும், டிக்கெட் எடுத்துப் பார்க்க ஒரு மணி நேரச் சரக்கு இருக்காது.

ஏணியில் கால் வைக்கவே இடம் கிடைக்காதவர்கள் வேறு கணக்கு. மனநல மருத்துவமனையில் பத்து வருடம் நர்ஸாக இருந்துவிட்டு மேடைக்கு வந்த ஜோ பிராண்ட், ‘மாக் தி வீக்’ பக்கம் இனி போகமாட்டேன் என்று 2009லேயே சொல்லிவிட்டார். 2014ல் பிபிசி, ஆண்கள் மட்டுமே உட்காரும் காமெடி பேனல் இனி கிடையாது என்று அறிவித்தது. செய்வதைச் செய்யலாம், இப்படித் தம்பட்டம் அடித்தால் வருகிற பெண்ணை ஒப்புக்கு அழைத்ததாகத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்றார் டாரா ஓ பிரியன். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அறிவிப்பு வந்து மூன்று வருடம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 2017 நவம்பரில், நாடாளுமன்றத்தில் பாலியல் சீண்டல் புகார்கள் வெளிவந்த வாரம், ‘ஹேவ் ஐ காட் நியூஸ்’ மேசையில் நான்கு ஆண்கள், தொகுப்பாளர் ஜோ பிராண்ட். இதெல்லாம் ஒன்றும் பெரிய குற்றம் இல்லையே என்கிற மாதிரி ஹிஸ்லப் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். ஜோ பிராண்ட் குரலை உயர்த்தவே இல்லை. இங்கே இருக்கிற ஒரே பெண் என்ற முறையில் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, சின்னச் சின்னதாக இருந்தாலும் தினமும் நடந்தால் அது சேர்ந்து சேர்ந்து ஒருத்தியைத் தேய்த்துவிடும் என்றார். கைதட்டல். நான்கு ஆண்களிடமும் பதில் இல்லை. இத்தனை வருட நிகழ்ச்சியில் அணித்தலைவர்கள் வாயடைத்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். யார் பேச வேண்டும் என்று வழக்கமாகத் தீர்மானிப்பவர்கள் அவர்கள்.

மருமகளிடம் சொன்னால் அந்தத் துண்டை எடுத்துக் காட்டுவார், பாருங்கள். அணித்தலைவர் நாற்காலிகள் இரண்டும் இன்னும் அதே இரண்டு பேரிடம்தான்.