கிளிக் செய்தால் திரும்ப வேண்டும்: கேள்வி பதில்

வெப் பக்கத்தில் ஓர் அம்பையோ படத்தையோ கிளிக் செய்ததும் திருப்புவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஸ்கிரிப்டும் ஸ்டைல்ஷீட்டும் ஓரளவு பழகியவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, மெனு தலைப்பைக் கிளிக் செய்தால் பக்கத்தில் உள்ள அம்பு 90 டிகிரி திரும்ப வேண்டும். அம்பு ஒரு ஸ்பேன் டேகுக்குள் இருக்கிறது. கிளாஸ் சேர்வதைப் பார்க்க முடிகிறது, அம்பு மட்டும் அசையவில்லை.

பதில்: ஸ்பேன் இன்லைன் வகை. வரியில் எழுத்தோடு எழுத்தாக ஓடுகிற பொருளுக்கு, திருப்பவும் நகர்த்தவும் பயன்படும் டிரான்ஸ்ஃபார்ம் என்ற ஸ்டைல் பண்பு வேலை செய்யாது. டிஸ்ப்ளேவை இன்லைன்-பிளாக் ஆக்குங்கள், திரும்பிவிடும். படத்துக்கான இமேஜ் டேகுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று: மாற்றத்தை மெதுவாக நடத்தும் டிரான்சிஷனை அம்பின் அடிப்படை ஸ்டைலிலேயே எழுதுங்கள். கிளாஸ் சேர்ந்த நிலைக்கு மட்டும் எழுதினால், போகும்போது மெதுவாகத் திரும்பும், வரும்போது சட்டென்று குதிக்கும்.

கேள்வி: ஒவ்வொரு கிளிக்குக்கும் படம் 90 டிகிரி திரும்ப வேண்டும். கோணத்தை டேட்டா-ஆங்கிள் என்ற பண்பில் வைத்திருக்கிறேன், ஆரம்பம் 0. முதல் கிளிக்கில் சரியாகத் திரும்புகிறது. அப்புறம் எத்தனை தடவை கிளிக் செய்தாலும் அப்படியே நிற்கிறது. கன்சோலில் எந்தப் பிழையும் இல்லை.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கணக்கு அவ்வளவு அழகாக உங்களை ஏமாற்றியிருக்கிறது. டேட்டா பண்பிலிருந்து வருவது எண் இல்லை, எழுத்துச் சரம். அதோடு 90-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் கூட்டாது, ஒட்டும். முதல் கிளிக்கில் 0-உம் 90-உம் ஒட்டி 090 ஆகிறது. அது 90 டிகிரிதான், எனவே படம் சரியாகத் திரும்புகிறது. இரண்டாவது கிளிக்கில் 09090, அதாவது 9090 டிகிரி. 360-ஆல் வகுத்துப் பாருங்கள்: 25 முழுச் சுற்று போக மீதி 90. படம் முன்பு நின்ற அதே இடம்! மூன்றாவது கிளிக்கில் 909090. 2525 சுற்று போக அதிலும் மீதி 90. படம் ஒவ்வொரு முறையும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது, வந்து நிற்கும் இடம் மாறவில்லை, அவ்வளவுதான். டிரான்சிஷன் போட்டிருந்தால் இரண்டாவது கிளிக்கிலேயே படம் பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பண்பிலிருந்து எடுத்ததை நம்பர் ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்கிவிட்டுக் கூட்டுங்கள்.

கேள்வி: எனக்கு வேறு மாதிரி. மூன்று கிளிக் வரை வலஞ்சுழியாகப் போகிறது, நான்காவது கிளிக்கில் முக்கால் சுற்று பின்னோக்கி ஓடி வருகிறது. 360 ஆனதும் 0 ஆக்கிவிடுகிறேன், அது தப்பா?

பதில்: ஆமாம், அந்த வரிதான் காரணம். நமக்கு 0-உம் 360-உம் ஒரே திசை. பிரவுசருக்கு அவை இரண்டு எண்கள். 270-லிருந்து 0-க்குப் போகச் சொன்னால் 269, 268 என்று இறங்கித்தான் போகும். அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள். 360, 450, 540 என்று ஏறிக்கொண்டே போகட்டும், ஒரு கெடுதலும் இல்லை. படம் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிய வேண்டுமானால் 360-ஆல் வகுத்த மீதியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். இடஞ்சுழி பட்டனும் வைத்திருந்தால் மீதி எதிர்மறையாக வரும்: -90-க்கு ஜாவாஸ்கிரிப்ட் -90 என்றே மீதி சொல்லும். அந்த மீதியோடு 360 கூட்டி மறுபடி மீதி எடுத்தால் 270 கிடைக்கும்.

கோணத்தைப் பக்கத்திடமே கேட்டு வாங்கலாமே என்று சிலர், பிரவுசர் கணக்கிட்ட ஸ்டைலைச் சொல்லும் கெட்கம்ப்யூட்டெட்ஸ்டைல் பக்கம் போகிறார்கள். அது டிகிரியைத் தராது, ஆறு எண்கள் கொண்ட மேட்ரிக்ஸாகத் தரும். 90-க்கும் 450-க்கும் ஒரே மேட்ரிக்ஸ்தான், எத்தனை சுற்று போனது என்ற செய்தி அதில் இருக்காது. கோணத்தை உங்கள் மாறியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 300-க்கு 200 பிக்சல் படத்தை 90 டிகிரி திருப்பினால் கீழே இருக்கும் தலைப்பு வரியை மறைத்துவிடுகிறது. மார்ஜின் கொடுத்தால் திருப்பாதபோது அசிங்கமான இடைவெளி.

பதில்: டிரான்ஸ்ஃபார்ம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் மாற்றும். பக்கத்தின் இடக்கணக்கில் அந்தப் படம் இன்னும் 300-க்கு 200 பெட்டிதான். நட்டநடுவில் திருப்புவதால் மேலே 50, கீழே 50 பிக்சல் பிதுங்கும், இடமும் வலமும் அதே 50 காலியாகும். நான் செய்வது, 300-க்கு 300 சதுரப் பெட்டி ஒன்றுக்குள் படத்தை நடுவில் வைப்பது. 90-இன் மடங்குகளுக்கு இது போதும். 45 டிகிரிக்கு அகலமும் உயரமும் சேர்ந்த 500-ஐ 0.707-ஆல் பெருக்குங்கள், சுமார் 354 பிக்சல் சதுரம் தேவைப்படும். ஸ்கிரிப்டில் அளக்கும்போதும் கவனம்: ஆஃப்செட்விட்த் திருப்பாத அகலத்தைச் சொல்லும், கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் திருப்பிய பின் அடைக்கும் இடத்தைச் சொல்லும்.

டிரான்ஸ்ஃபார்ம் தோற்றத்தை மட்டும் மாற்றுவதால்தான் திருப்பிய படத்தைப் பயனர் டவுன்லோட் செய்தால் பழையபடியே இருக்கிறது. கோப்பே மாற வேண்டுமென்றால் கேன்வாஸில் வரைந்து சேமிக்க வேண்டும்.

கேள்வி: திரையின் நடுவில் நிற்கும் பெட்டி, திருப்பியதும் கீழ் மூலைப் பக்கம் தள்ளிப் போகிறது.

பதில்: அதை நடுவில் நிறுத்தியதும் டிரான்ஸ்ஃபார்ம்தான், இரண்டு பக்கமும் -50 சதவீதம் நகர்த்தும் டிரான்ஸ்லேட். புதிதாக ரொட்டேட் எழுதியதும் பழையது அழிந்துவிட்டது. ஒரே வரியில் முதலில் டிரான்ஸ்லேட், அடுத்து ரொட்டேட் என்று எழுதுங்கள். வரிசை மாறினால் பெட்டி திரும்பிய அச்சில் நகர்ந்து வேறு இடத்தில் நிற்கும்.

2022-இல் குரோம் 104 வந்ததிலிருந்து ரொட்டேட், டிரான்ஸ்லேட் இரண்டையும் தனித்தனிப் பண்பாகவே எழுதலாம். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதற்கு முன்பே கொண்டுவந்துவிட்டன. நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நடுப்படுத்துவதைப் பழைய டிரான்ஸ்ஃபார்மில் விட்டுவிட்டு ரொட்டேட்டை மட்டும் தனியாக எழுதினால் ரொட்டேட் முந்திக்கொள்ளும், மறுபடி அதே தொல்லை.

கேள்வி: எஸ்விஜியில் (கோடுகளும் வடிவங்களுமாக எழுதப்படும் பட வகை) வரைந்த பல்சக்கரம் தன்னைத் தானே சுற்றாமல் படத்தின் மூலையைச் சுற்றி வட்டமடிக்கிறது.

பதில்: எஸ்விஜிக்குள் இருக்கும் வடிவங்களுக்குச் சுழல்மையம் இடது மேல் மூலை. டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸுக்கு ஃபில்-பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜினுக்கு சென்டர் கொடுங்கள். எஸ்விஜி பண்பில் வெறும் 90 என்று எழுதலாம், ஸ்டைல்ஷீட்டில் எண்ணுக்குப் பின்னால் டிகிரியைக் குறிக்கும் டெக் (deg) இல்லாவிட்டால் அந்த வரியையே பிரவுசர் ஒதுக்கிவிடும்.

கேள்வி: பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியல். எதைக் கிளிக் செய்தாலும் முதல் அம்புதான் திரும்புகிறது, மேடம்.

பதில்: பத்து அம்புக்கும் ஒரே ஐடி கொடுத்திருப்பீர்கள். கெட்எலிமென்ட்பைஐடி முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். கிளாஸ் கொடுத்து, கிளிக் ஆன தலைப்புக்குள் இருக்கும் அம்பைத் தேடுங்கள். ஆனால் இந்த வேலைக்கு ஸ்கிரிப்டே வேண்டாம். டீடெய்ல்ஸ், சம்மரி டேகுகள் திறப்பதையும் மூடுவதையும் தாமே செய்யும், ஓபன் பண்பு இருக்கும்போது அம்பைத் திருப்பு என்று ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி போதும். வடிவமைப்பு ஒத்துவராமல் நீங்களே செய்வதானால் டிவ் வேண்டாம், பட்டன் டேக் வையுங்கள். ஏரியா-எக்ஸ்பேண்டெட் பண்பை ஸ்கிரிப்ட் மாற்றட்டும், அதைப் பார்த்து அம்பு திரும்பட்டும். கண் தெரியாதவருக்கு அம்பு திரும்பியது தெரியாது. அவருடைய ஸ்கிரீன் ரீடர் இந்தப் பண்பைத்தான் வாசித்துச் சொல்லும்.

கேள்வி: சுழலும் அசைவு சிலருக்குத் தலைசுற்றல் தருமாமே, நிறுத்த வழி உண்டா?

பதில்: உண்டு, அவசியம் செய்யுங்கள். அசைவைக் குறைக்கும்படி கணினியிலோ போனிலோ அமைத்திருப்பவர்களுக்கென்றே பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்ற மீடியா நிபந்தனை இருக்கிறது. அதற்குள் டிரான்சிஷன் நேரத்தை 0 ஆக்கினால் அம்பு நேராகப் புது நிலைக்குப் போய்விடும். ஒரு விஷயம் மட்டும்: டிரான்சிஷன் முடிந்த செய்தி வந்த பிறகுதான் அடுத்த வேலை என்று ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், நேரம் 0 ஆனதும் அந்தச் செய்தி வரவே வராது, பட்டன் உறைந்து நிற்கும். அந்த அமைப்பை இயக்கிவிட்டு ஒருமுறை நீங்களே கிளிக் செய்து பாருங்கள்.