ஒரே பேண்டு செட் கோயில், மாதா கோயில், தர்கா மூன்றிலும் வாசிக்கலாமா?

ஐந்து நண்பர்கள் சேர்ந்து புதிதாகப் பேண்டு வாத்தியக் குழு தொடங்கியிருப்பதாகவும், முதல் மாதத்திலேயே ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு மாதா கோயிலும் ஒரு தர்காவும் கூப்பிட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றிலும் வாசித்தால் சங்கடம் வருமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக வாசியுங்கள். பாட்டுகளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒரு வாரப் பயிற்சியில் சரியாகிவிடும். எங்கே, எப்போது வாத்தியத்தை இறக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எங்களுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

நான் நாகப்பட்டினத்துக்காரன். பதினொரு ஆண்டுகளாக யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கிறேன். எங்கள் ஊருக்கு வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் சிங்காரவேலர். எதற்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகாது. இந்த மண்ணில் பேண்டு செட் வைத்திருப்பவன் ஒரு மதத்துக்கு மட்டும் வாசிப்பேன் என்றால் ஆண்டில் பாதி நாள் டிரம்முக்குத் துணி போர்த்தி வைக்க வேண்டியதுதான். கிறிஸ்தவர்களின் தவக்காலம் நாற்பது நாளும் தேவாலயத்திலிருந்து அழைப்பு வராது. பங்குனி உத்திரம் பெரும்பாலும் அந்த நாட்களுக்குள்ளோ அவற்றை ஒட்டியோ வந்துவிடுவதால் முருகன் கோயில்கள் கைகொடுக்கும். ஆடியில் அம்மன் கோயில்கள். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை சுற்றுவட்டாரமே ஓய்வில்லாமல் இருக்கும். நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி மட்டும் ஓரிடத்தில் நிற்காது. பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2023-இல் அது கிறிஸ்துமஸை ஒட்டி வந்து எங்கள் மாஸ்டரைத் தலையில் கைவைக்க வைத்தது. அச்சாரம் வாங்கும் முன் இஸ்லாமிய நாட்காட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

நிறுத்துவதைப் பற்றிச் சொன்னேன். நாகூரை அடுத்த ஒரு சிறிய ஊர் தர்காவில் எங்கள் முதல் கொடி ஊர்வலம். நல்ல கூட்டம், நல்ல வேகம். மாலை மங்கும் நேரம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து மக்ரிப் பாங்கு, அதாவது மாலைத் தொழுகைக்கான அழைப்பு, எழுந்தது. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சட்டென்று ஓய்ந்தன. பாஸ் டிரம் வாசித்த பையனுக்குத் தன் சத்தத்தில் பாங்கு கேட்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தான். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர் நிதானமாக நடந்து வந்து, உள்ளங்கையை விரித்து டிரம்மின் தோல் மேல் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. பாங்கு முடியும் வரை கையை எடுக்கவும் இல்லை. முடிந்ததும் அந்தக் கையாலேயே டிரம்மை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "இப்ப அடிங்க தம்பி" என்றார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒருவருக்கு வாசிக்கும் வேலையோடு பாங்குக்குக் காதுகொடுக்கும் வேலையும் உண்டு. தொழுகை நேரங்களைக் காலையிலேயே கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்.

தர்கா வேறு, பள்ளிவாசல் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தர்கா ஒரு மகானின் அடக்கத்தலம், பள்ளிவாசல் தொழுகை நடக்கும் இடம். பள்ளிவாசல் வாசலைக் கடக்கும்போது வாத்தியம் மௌனமாகத்தான் போக வேண்டும். கந்தூரி, கொடி, சந்தனம் கொண்டுவரும் சந்தனக்கூடு ஊர்வலம் இவற்றையே ஏற்காத முஸ்லிம்கள் அதே தெருவில் இருப்பார்கள். அது அவர்களுக்குள் நடக்கும் விவாதம். அதில் நமக்கு வேலையில்லை. கூப்பிட்டது யார், ஊர்வலம் எந்தத் தெருக்கள் வழியாகப் போகிறது என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதா கோயில் தேர்பவனியில் எண்ணத் தெரிந்தால் போதும். ஒலிபெருக்கியில் செபமாலை சொல்லிக்கொண்டே வருவார்கள். பத்து 'அருள் நிறைந்த மரியே' முடிந்து, திரித்துவப் புகழ் சொன்ன பிறகு ஒரு பாடலடி நமக்கு. செபமாலையின் அடுத்த மணி தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். எங்கள் கிளாரினெட்காரர் கத்தோலிக்கர். ஒன்பதாவது மரியேயில் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார், நாங்கள் மூச்சை நிரப்பிக்கொள்வோம். திருப்பலிக்குள் பாடகர் குழு இருக்கிறது. அங்கே நாம் வெளியே நிற்பவர்கள்.

கோயிலில் முதல் மரியாதை நாதஸ்வரத்துக்கு. சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரி என்ற இசையை அவர்கள் வாசித்து முடிக்கும் வரை பேண்டு வாயைத் திறக்கக் கூடாது. மண்டகப்படியில் சுவாமி நிற்கும்போது நாதஸ்வரக்காரர் ஆலாபனை எடுப்பார். அந்த நேரத்தில் நூறு அடி தள்ளி நின்று நீங்கள் சினிமாப் பாட்டு வாசித்தால் அவர் முகத்தை அப்புறம் உங்களால் பார்க்க முடியாது. (அந்தக் குழலுக்கும் மதம் கிடையாது என்பது வேறு விஷயம். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து, ரங்கநாதர் கோயில் ஆஸ்தான வித்வானாகவும் இருந்த நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவைப் பற்றி உங்கள் ஊர் நாதஸ்வரக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், எழுந்து நின்று பேசுவார்.)

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கோயில் விழாக் குழு எங்களிடம் அட்வான்ஸ் கொடுத்த பிறகு, "ஆட்கள் எல்லாரும் நம்ம ஆட்கள்தானே?" என்று கேட்டது. எங்களில் இருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம். மறைக்காமல் சொன்னோம். கொடிமரத்துக்கு உள்ளே அவர்கள் வரக் கூடாது என்றார்கள். 2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் கொடிமரத்தைத்தான் எல்லையாகக் காட்டியது, அதனால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். மூன்று பேரை வாசலில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே போவதா என்று எங்களுக்குள் ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் யாருமே உள்ளே போகவில்லை. வீதி உலாவுக்கு மட்டும் வாசிக்கிறோம் என்று கூலியைக் குறைத்துக்கொண்டோம். இன்றுவரை அதே ஏற்பாடுதான். இது சரியா தவறா என்று என்னோடு வாதாட வராதீர்கள். குழு உடையாமல் இருக்க எங்களுக்குத் தெரிந்த வழி இது.

பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று இடத்துக்கும் பத்துப் பத்துப் பாட்டு தனியாகத் தயார் செய்யுங்கள். பொதுவாக நாலைந்து கையிருப்பில் இருக்கட்டும். நாகூர் அனிபா பாடியவற்றில் 'இறைவன்' என்ற பொதுச்சொல்லை வைத்தே எழுதப்பட்ட ஒன்று இருக்கிறது. எந்தப் பாட்டு என்று சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அதை அம்மன் கோயில் தெருவிலேயே எங்களிடம் கேட்டு வாங்கி வாசிக்க வைத்தார்கள். மெட்டுகள் இப்படித்தான் ஊர் சுற்றும். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து மெட்டுக்கே அம்பாள் மேல் சாகித்தியம் செய்தவர். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதினார்.

ஆனால் ஒன்று. "மும்மதமும் எங்களுக்குச் சம்மதம்" என்று பேனர் அடிக்காதீர்கள். பிறையும் சிலுவையும் ஓமும் போட்டு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொன்னவனே நான்தான், அதனால் சொல்கிறேன். அந்த கார்டைப் பார்த்த யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. ஐந்து மணி என்றால் நாலரைக்கே வந்து நிற்கிறார்கள், குடித்துவிட்டு வருவதில்லை என்று ஒரு சப்பரம் கட்டுகிறவர் இன்னொருவரிடம் சொல்லித்தான் வேலை வந்தது.

சாப்பாட்டையும் முன்பே பேசிவிடுங்கள். கந்தூரி கார்த்திகையில் வந்தால் உங்களில் யாராவது ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். எங்கள் சைடு டிரம்காரர் கறுப்பு வேட்டியோடு சந்தனக்கூட்டுக்கு வாசித்தார். மற்றவர்களுக்குப் பிரியாணி வந்தது. அவருக்கு ஒரு வீட்டிலிருந்து சீப்பு வாழைப்பழமும் சூடாகப் பாலும் தனியாக வந்தன. நாங்கள் கேட்கவே இல்லை. அடுத்த ஆண்டு முதல் நாங்களே முதல் நாள் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாகச் சீருடை. லேஸ் கட்டும் வெள்ளை ஷூ வாங்காதீர்கள். கோயிலிலும் தர்காவிலும் வாசலில் உட்கார்ந்து அவிழ்ப்பதற்குள் ஊர்வலம் தெரு தாண்டிவிடும். பளபளக்கும் பட்டை வைத்த கெட்டித் தொப்பியும் வேண்டாம். தர்காவில் தலை மூடியிருக்க வேண்டும், தேவாலயத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், கோயிலிலும் கழற்றத்தான் சொல்வார்கள். இரண்டு கையிலும் யூஃபோனியத்தை வைத்துக்கொண்டு அந்தத் தொப்பியை எங்கே வைப்பது என்று நான் திண்டாடியிருக்கிறேன். துணித் தொப்பியாக வாங்குங்கள். மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.